சீன மருந்துக்கடையில் எதை வாங்குவது: சூடா, குளிர்ச்சியா?

சிங்கப்பூர், பினாங்கு, கோலாலம்பூர் பக்கம் வாழும் தமிழர்களுக்குச் சீன மருந்துக்கடை புதிதல்ல. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், கண்ணாடி ஜாடிகளில் காய்ந்த வேரும் பூவும், உள்ளே நாடி பார்க்க ஒரு சின்செ, அதாவது சீன மருத்துவர். அங்கே போய் "களைப்பாக இருக்கிறது, ஜின்செங் கொடுங்கள்" என்று கேட்டால், நல்ல கடையில் உடனே எடுத்துத் தரமாட்டார்கள். உங்கள் உடம்பு சூடா, குளிர்ச்சியா என்று முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் பொருள் எவ்வளவு விலை கொடுத்ததாக இருந்தாலும் பொருந்தாமல் போகலாம். சளி பிடித்த முதல் நாள், உடம்பு தேற வேண்டிய நேரம், தினசரி குடிக்கும் மூலிகைத் தேநீர் ஆகிய மூன்று இடங்களில்தான் இந்தக் கேள்வி அதிகம் வருகிறது. எதற்கு எது என்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

சீன மருத்துவம் ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு குணம் சொல்கிறது. கடுஞ்சூடு, மிதமான சூடு, மிதமான குளிர்ச்சி, கடுங்குளிர்ச்சி என்று நான்கு. இரண்டு பக்கமும் சாயாதவை சமகுணம். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஷென்னொங் மூலிகை நூலின் 365 மருந்துகளிலிருந்து, 1596-ல் அச்சான லி ஷிசென்னின் பெருந்தொகுப்பிலுள்ள 1,892 பொருள்கள் வரை இந்த வழக்கம் தொடர்கிறது. குளிர்ச்சியால் வந்த நோய்க்குச் சூடான மருந்து, சூட்டால் வந்ததற்குக் குளிர்ந்த மருந்து. விதி இவ்வளவுதான்.

குடிக்கும்போது கோப்பை சுடுகிறதா என்பது இதில் கணக்கே இல்லை. செவ்வந்திப் பூத் தேநீரை ஆவி பறக்கக் குடித்தாலும் அது குளிர்ச்சிதான். இஞ்சிச் சாற்றில் ஐஸ் போட்டாலும் அது சூடுதான். உடம்புக்குள் போனபின் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் குணம் சொல்கிறார்கள்.

நம் வீடுகளில் பாட்டி சொல்லும் சூடு, குளிர்ச்சிக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. சுக்கு இரண்டு பக்கமும் சூடுதான், சரி. ஆனால் நாம் சூடு என்று ஒதுக்கும் தேனைச் சீனர்கள் சமகுணத்தில் வைக்கிறார்கள். எனவே சீன மருந்து வாங்கும்போது சீனக் கணக்கையே பாருங்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் கண்ணாடியில் நாக்கைப் பார்ப்பது நல்ல பழக்கம். நாக்கு வெளிறி, மேலே வெள்ளைப் படிவு, கைகால் சில்லிட்டிருக்கிறது, வெந்நீர்தான் பிடிக்கிறது, சிறுநீர் தெளிவாகப் போகிறது, மலம் இளகியிருக்கிறது என்றால் குளிர்ச்சி. நாக்கு சிவந்து மஞ்சள் படிவு, வாய்ப்புண், குளிர்ந்த நீருக்கு ஏங்கும் தாகம், மஞ்சள் சிறுநீர், மலச்சிக்கல் என்றால் சூடு.

இதுவரை எளிது. பலர் தடுக்கி விழுவது மூன்றாவது நிலையில். மாலையானால் உள்ளங்கையும் பாதமும் எரியும், இரவில் வியர்க்கும், தொண்டை வறளும், நாக்கு சிவந்திருக்கும், ஆனால் மேலே படிவே இருக்காது. இதுவும் சூடுதான். ஆனால் சூடு கூடிப்போனதால் வந்ததல்ல. உடம்பின் நீர்மை, அதாவது யின், குறைந்ததால் வந்தது. இவர்கள் "எனக்குச் சூடு" என்று சொல்லிக் கசப்பான கடுங்குளிர்ச்சி மருந்தைக் குடித்தால் வறட்சி இன்னும் ஏறும். இவர்களுக்கு வேண்டியது ஈரப்பதம் தரும் மருந்து. மாய் மென் தொங் கிழங்கு, பச்சை ரெமானியா வேர், அமெரிக்க ஜின்செங் போன்றவை. இரவு வியர்வையோடு வாரக்கணக்கில் இருமலும் எடைக் குறைவும் இருந்தால் மூலிகைக் கடையை விட்டுவிட்டு முதலில் காசநோய்ப் பரிசோதனைக்குப் போங்கள்.

வாயில் புண், வயிறோ இளக்கம் என்று இரண்டும் கலந்தவர்களும் உண்டு. அப்படி இருப்பவர் ஜாடியைக் காட்டித் தானாக வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. சின்செவிடம் உட்கார்ந்து பேசிவிடுவது மேல்.

சளியின் முதல் நாள்: இஞ்சியா, யின் சியாவா?

இந்தத் தேர்வுக்குப் பின்னால் இரண்டு மருத்துவர்களும் ஏறக்குறைய 1,600 ஆண்டு இடைவெளியும் இருக்கின்றன.

முதலாமவர் ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில், இன்றைய ஹெனான் மாநிலத்தின் நான்யாங்கில் பிறந்த சாங் சொங்ஜிங். இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இருந்த தன் குடும்பத்தில், பத்து ஆண்டுகளுக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர் இறந்துபோனார்கள், அதில் பத்துக்கு ஏழு பேர் குளிர் தாக்கிய காய்ச்சலால் இறந்தவர்கள் என்று அவரே தன் நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். அந்த வேதனையிலிருந்து வந்த மருந்துகளில் ஒன்றுதான் குய் ஜி தாங். இலவங்க மரத்தின் சிறுகிளை, வெள்ளைப் பியோனி வேர், இஞ்சி, கடைகளில் ரெட் டேட்ஸ் என்று விற்கும் சீன இலந்தை, அதிமதுரம் ஆகிய ஐந்தே சரக்கு. குடித்தவுடன் சூடான கஞ்சி குடித்து, போர்த்திக்கொண்டு படுத்து, மெல்ல வியர்க்க விட வேண்டும். வியர்வை ஆறாக ஓடக் கூடாது. கஞ்சியும் போர்வையும் மருந்தின் பகுதிதான்.

இரண்டாமவர் ஜியாங்சு மாநிலத்து வூ ஜூதோங். வெக்கையும் ஈரமும் நிறைந்த யாங்சி ஆற்றுப் பகுதியில், குளிரைவிடச் சூட்டோடு தொடங்கும் காய்ச்சல்களைப் பார்த்தவர். சூட்டுக் காய்ச்சல்களைப் பற்றிய அவருடைய நூல் 1798-ல் எழுதி முடிக்கப்பட்டது. அதிலுள்ள யின் சியாவ் சான்தான் இன்று சீன மருந்துக்கடைகளில் மாத்திரையாகவும் தூளாகவும் கிடைப்பது. ஜின் யின் ஹுவா என்ற ஹனிசக்கிள் மொட்டும் லியான் சியாவ் காயும் தலைமைச் சரக்கு. கூடவே புதினா, மூங்கிலிலை, நாணல் வேர் போன்றவை. இதை நீண்ட நேரம் கொதிக்க விடக் கூடாது, மணம் கிளம்பியதும் இறக்கிக் குடிக்க வேண்டும் என்று அவர் எழுதியிருக்கிறார். மணத்தில்தான் மருந்து இருக்கிறது.

எப்படித் தேர்ந்தெடுப்பது? குளிர் நடுக்கம் அதிகம், காய்ச்சல் குறைவு, மூக்கில் தண்ணீராக ஒழுகல், கழுத்தும் முதுகும் பிடிப்பு, தொண்டை வலி இல்லை என்றால் சூடான பக்கம். தொண்டை வலியோடு தொடக்கம், சளி மஞ்சள், காய்ச்சல் அதிகம், குளிர் நடுக்கம் குறைவு, தாகம் என்றால் யின் சியாவ் பக்கம். ஒன்றை மட்டும் பார்க்கச் சொன்னால் தொண்டையைப் பார்க்கச் சொல்வேன். பல நேரம் அதுவே பக்கத்தைக் காட்டிவிடும்.

மலேசியா, சிங்கப்பூர் வெக்கைக்கு யின் சியாவ் அதிகம் பொருந்தும் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. அங்கே பலர் மழையில் நனைந்த சட்டையோடு ஏ.சி. ரயிலில் ஏறி, ஏ.சி. அலுவலகத்தில் நாள் முழுக்க உட்காருபவர்கள். அவர்களுக்கு வரும் சளி வெளியிலிருக்கும் வெயிலின் கணக்கில் வராது. ஊரின் தட்பவெப்பத்தைவிட அந்த நேரத்து உடம்பின் அறிகுறிக்கே முதலிடம் கொடுங்கள். வீட்டில் செய்ய, குளிர்ச்சிச் சளிக்கு மூன்று துண்டு இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி, கொஞ்சம் வெல்லம் போட்டுக் கொதித்த நீர் போதும். குய் ஜி தாங் வரை போக வேண்டியது அபூர்வம்.

இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. 'வைட்டமின் சி யின் சியாவ்' என்ற பெயரில் வரும் சீன மாத்திரைகளில் மூலிகையோடு பாராசிட்டமாலும், தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமினும் சேர்ந்திருக்கும். மூலிகைதானே என்று நினைத்து மேலே இன்னொரு பாராசிட்டமால் போட்டால் கல்லீரலுக்கு ஆபத்து. அட்டையைப் படித்து, வெறும் மூலிகை மட்டும் உள்ளதை வாங்குங்கள். சூட்டுப் பக்கம் இருக்கும் மாஹுவாங் என்ற மூலிகையிலும் எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள எபெட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். அது கலந்த சத்து மாத்திரைகளை அமெரிக்கா 2004-ல் தடை செய்தது. அதைத் தானாக வாங்கிச் சாப்பிடவே வேண்டாம்.

உடம்பு தேற: எந்த ஜின்செங்?

பணம் அதிகம் செலவாகும் இடமும் தவறு அதிகம் நடக்கும் இடமும் இதுதான். கடையில் ஜின்செங் என்று கேட்டால் உண்மையில் நான்கு பொருள்கள் முன்னால் வரும். வெள்ளை ஜின்செங், சிவப்பு ஜின்செங், அமெரிக்க ஜின்செங், அப்புறம் தாங் ஷென்.

வெள்ளையும் சிவப்பும் ஒரே செடி. சீனாவின் வடகிழக்கிலும் கொரியாவிலும் வளர்வது. வேரைக் காயவைத்தால் வெள்ளை. ஆவியில் வேகவைத்துக் காயவைத்தால் சிவப்பு. கொரியச் சிவப்பு ஜின்செங்குக்குப் பெரும்பாலும் ஆறு வயது வேரை எடுக்கிறார்கள். வெந்தபின் சூடு கூடுகிறது என்பது சீன மருத்துவக் கணக்கு. வேதியியலிலும் மாற்றம் உண்மையாகவே நடக்கிறது: வேகும்போது வேரிலுள்ள ஜின்செனோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள் சில உருமாறி, பச்சை வேரில் ஏறக்குறைய இல்லாத ஆர்ஜி3 போன்றவை உண்டாகின்றன. பக்குவம் குணத்தை மாற்றுவதற்கு இது மட்டும் சான்றல்ல. இஞ்சி மிதமான சூடு, சுக்கு கடுஞ்சூடு, இஞ்சித் தோலோ குளிர்ச்சி. ரெமானியா வேர் பச்சையாக இருந்தால் குளிர்ச்சி. மதுவூற்றித் திரும்பத் திரும்ப வேகவைத்துக் கருப்பாக்கினால் மிதமான சூடு. ஆகவே கடையில் செடியின் பெயரை மட்டும் சொன்னால் போதாது, எந்தப் பக்குவம் என்றும் கேட்க வேண்டும்.

அமெரிக்க ஜின்செங் வேறு செடி, ஆனால் நெருங்கிய உறவு. அது சீனாவுக்கு வந்த கதை சுவையானது. மஞ்சூரியாவில் ஜின்செங்கை நேரில் பார்த்த ஜார்டூ என்ற பிரெஞ்சு ஜெசூட் பாதிரியார் 1711-ல் அதை விவரித்து ஒரு கடிதம் எழுதினார். இதே போன்ற மலைக்காடு கனடாவிலும் இருக்கிறது, அங்கேயும் கிடைக்கலாம் என்று அதில் ஊகித்தார். அதைப் படித்த லாஃபிதோ என்ற இன்னொரு பாதிரியார் 1716-ல் மொன்ட்ரியால் அருகே மோஹாக் பழங்குடி மக்களின் உதவியோடு தேடிக் கண்டுபிடித்துவிட்டார். 1784-ல் அமெரிக்காவிலிருந்து முதன்முதல் சீனாவுக்குப் போன வணிகக் கப்பலின் முக்கியச் சரக்கு ஏறக்குறைய 30 டன் ஜின்செங். புது வேரைச் சுவைத்துப் பார்த்த சீன மருத்துவர்கள் இது கசப்பு, இது குளிர்ச்சி என்று தனியாக வகைப்படுத்தினார்கள். இன்று கான்டனீஸ் கடைகளில் ஃபா கெய் சம் என்று விற்பது இதுதான். விஸ்கான்சின் மாநிலத்தின் மாரத்தான் கவுன்ட்டியில் விளைவதற்குத் தனி மதிப்பு; சீனாவிலேயே பயிராவது விலை குறைவு.

தாங் ஷென் ஜின்செங் குடும்பமே அல்ல. சமகுணம், இனிப்பு, விலை மலிவு. சமைக்கும் சூப்பில் தாராளமாகப் போடலாம். சீன மருந்துத் தர நூல் ஜின்செங்குக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 9 கிராம், அமெரிக்க ஜின்செங்குக்கு 3 முதல் 6 கிராம் என்று அளவு சொல்லும் இடத்தில், தாங் ஷென்னுக்கு 9 முதல் 30 கிராம் வரை இடம் தருகிறது. எது மென்மை என்று அதிலிருந்தே தெரியும்.

யாருக்கு எது? வயதாகி, கைகால் எப்போதும் சில்லிட்டு, குரல் மெலிந்து, படியேறினால் மூச்சு வாங்கி, நாக்கு வெளிறியிருப்பவருக்குச் சிவப்பு ஜின்செங் பொருந்தும். அங்கேயும் இரத்த அழுத்தம் கூடியிருந்தாலோ தூக்கம் வராதிருந்தாலோ வேண்டாம். இளைஞர்கள் பரீட்சைக்காகவும் இரவு வேலைக்காகவும் சிவப்பு ஜின்செங் மாத்திரை வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். தூக்கம் குறைந்து, தொண்டை வறண்டு, எரிச்சலோடு இருப்பவர் அவர். சீனக் கணக்கில் அந்த உடம்பு ஏற்கெனவே வறட்சிச் சூட்டில் இருக்கிறது. அவருக்கு ஒத்துவரக்கூடியது அமெரிக்க ஜின்செங். மெல்லிய சீவலாக வாங்கி, மூன்று நான்கு துண்டை வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கலாம். வயிறு இளகியவர், குளிர்ச்சி உடம்பு உள்ளவர் இதையும் தொட வேண்டாம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, ஆனால் களைப்பும் பசியின்மையும் இருக்கிறது என்றால் தாங் ஷென்னும் ரெட் டேட்ஸும் போட்ட கோழிச் சூப். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும் என்பதுதான் என் கருத்து. விலை உயர்ந்ததுதான் உடம்புக்கு நல்லது என்ற எண்ணம் இந்தக் கடையில் செல்லாது.

சளி, காய்ச்சல் இருக்கும்போது எந்த ஜின்செங்கும் வேண்டாம். உள்ளே திருடன் இருக்கும்போதே கதவைப் பூட்டுவது என்று சீன மருத்துவர்கள் இதைச் சொல்வார்கள்.

தினசரித் தேநீர்

குவாங்தோங் மக்களின் லியாங் சா, அதாவது குளிர்ச்சித் தேநீர், வெக்கையும் ஈரமும் நிறைந்த ஊரில் பிறந்தது. குவாங்சோவில் 1828-ல் தொடங்கிய வாங் லாவ் ஜி இதில் மிகவும் பெயர்பெற்றது. ஹாங்காங்கிலும் மலேசியாவிலும் தெருவோரக் கடைகளில் 'இருபத்துநான்கு சுவை' என்ற கருங்கசப்புக் கஷாயத்தைக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். பொரித்ததைச் சாப்பிட்டுத் தொண்டை கட்டிக்கொண்ட அன்று ஒரு கோப்பை குடிப்பதில் தவறில்லை. தினமும் குடிக்க அது ஏற்றதல்ல. கடுங்குளிர்ச்சி வயிற்றைத் தாக்கும் என்பார்கள். பசி குறைவதும் மலம் இளகுவதும் அதன் அடையாளம். டின்னில் வரும் லியாங் சாவில் மருந்தைவிடச் சர்க்கரை முன்னால் நிற்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் அட்டையைப் பார்த்து வாங்குங்கள்.

தினசரிக்கு என் தேர்வு செவ்வந்திப் பூவும் கோஜி பெர்ரியும். பூ லேசான குளிர்ச்சி, கோஜி சமகுணம். நாள் முழுக்கத் திரை பார்த்து எரியும் கண்களுக்கு என்று நெடுங்காலமாகச் சேர்த்துக் குடிக்கும் ஜோடி. பூவுக்கு ஹாங்சோ பக்கத்து வெள்ளைச் செவ்வந்தியும் கோஜிக்கு நிங்சியாவும் பெயர்பெற்ற இடங்கள். ஐந்தாறு பூ, ஒரு சிட்டிகை கோஜி, சர்க்கரை இல்லாமல். குளிர்ச்சி உடம்புக்காரர்கள் இதற்குப் பதில் இரண்டு துண்டு இஞ்சியும் மூன்று ரெட் டேட்ஸும் போட்டுக் குடிக்கலாம். அதைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது.

குணம் சொல்லாத விஷயங்கள்

சூடு, குளிர்ச்சி என்பது ஒரு பொருள் எனக்குப் பொருந்துமா என்று பார்க்க உதவும் வழிகாட்டி. நோயை அது குணப்படுத்துமா என்பதற்கு அது சான்றல்ல. சீன விஞ்ஞானி து யூயூவின் வேலையைப் பாருங்கள். சிங்ஹாவ் என்ற குளிர்ச்சி மூலிகையிலிருந்து ஆர்டெமிசினின் என்ற மலேரியா மருந்தை எடுத்து, 2015-ல் நோபல் பரிசு பெற்றார். நான்காம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிய குறிப்பு, மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னது; கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அதிலிருந்துதான் குறைந்த வெப்பத்தில் சாறு எடுக்கும் யோசனை து யூயூவுக்கு வந்தது. ஆனால் அது மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்பதைச் சோதனைதான் காட்டியது. குளிர்ச்சி என்ற முத்திரையை வைத்து மட்டும் அதைச் சொல்லியிருக்க முடியாது. எனக்கு இந்த மரபின் மேல் மதிப்பு உண்டு. அதனாலேயே அதன்மேல் தாங்க முடியாத பாரத்தை ஏற்ற எனக்கு விருப்பமில்லை.

பாதுகாப்பும் அப்படித்தான், குணத்தை வைத்துத் தெரியாது. சமகுணம் என்று எழுதியிருக்கும் அதிமதுரத்தை நெடுநாள் அதிகம் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். மென்மையான கோஜியும் தாங் குய் என்ற வேரும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவருக்கு இரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும். அமெரிக்க ஜின்செங் அதற்கு நேர்மாறாக வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும். மாத்திரை சாப்பிடுபவர்கள் அந்தப் பட்டியலைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். கர்ப்பிணிகள் சின்செவிடமும் தங்கள் மருத்துவரிடமும் கேட்காமல் எதுவும் வாங்க வேண்டாம்.

கடுங்குளிர்ச்சி முனையில் இருப்பது ஹுவாங் லியான் என்ற கசப்பு மூலிகை. அதிலுள்ள பெர்பெரின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலையை ஆபத்தாக்கும் என்று அஞ்சி, சிங்கப்பூர் 1978-ல் தடை போட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகு தடை படிப்படியாக நீங்கியது. ஆனாலும் பிறந்த குழந்தைக்குச் 'சூடு தணிக்க' இதைக் கொடுக்கவே கூடாது. பால் கொடுக்கும் தாயும் தவிர்ப்பது நல்லது.

கடுஞ்சூடு முனையில் இருப்பது ஃபூ சி, அதாவது அகோனைட் வேர். சிச்சுவானின் ஜியாங்யோவில் விளைந்து, பல பக்குவங்கள் முடிந்த பிறகே மருந்தாகிறது. பச்சை வேரிலுள்ள அகோனிட்டின் இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. நீண்ட நேரக் கொதிப்பில்தான் அது வீரியம் குறைந்த பொருளாக உடையும். பதிவு பெற்ற சின்செ எழுதித் தந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கினால் மற்ற சரக்குகளுக்கு முன்னால் அதைத் தனியாகப் போட்டு, அவர் சொன்ன நேரம் முழுவதும் கொதிக்கவிடுங்கள். குடித்தபின் நாக்கோ உதடோ மரத்துப்போனால் மறுவாய் வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.